தாயாருடன் துருக்கிப் பயணம்: ஆலோசனை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட கையோடு, மாசி மாதத்தில் என் தாயாரைப் பாபநாசத்திலிருந்து துருக்கிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். இஸ்தான்புல் நகரில், 537இல் கட்டி முடிக்கப்பட்ட ஹாகியா சோபியா என்னும் பழம்பெரும் வழிபாட்டுத் தலத்தையும், தொழுகை வேளைகளில் சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்காத நீல மசூதியையும், ஞாயிறன்று மூடப்படும் கிராண்ட் பஜாரையும் எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

என் பெருங்கவலை எபேசஸ் என்னும் பழங்கால நகரின் இடிபாடுகளைப் பற்றியது. மேல்வாயிலில் நுழைந்தால் செல்சஸ் நூலகம் வரை இறக்கமாகவே நடந்துவிடலாம் என்றாலும், தேய்ந்து வழவழத்த பளிங்குக் கற்கள் அங்கு அப்போது நிலவும் மழைக்காலத்தில் மிகவும் வழுக்குமே. தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரத்திலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும் முழங்கால்வலிக்காரர் அவர். (சந்தையில் குங்குமப்பூ வாங்கியே தீருவேன் என்பதில் மட்டும் தளர்ச்சி இல்லை.) முதியவர்களுடன் சென்றுவந்தவர்கள், அங்குச் சக்கர நாற்காலி உதவுமா, கைத்தடியே போதுமா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.