முதல் ஆல்பம்: ஸ்டூடியோவா, தேவாலயமா?

வயோலா_மூலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட் நடத்துகிறோம். ரெண்டு வயலின், ஒரு செல்லோ, வயோலா நான். யாருக்கும் இருபத்தைந்து தாண்டவில்லை. சோறு போடுவது சினிமா கால்ஷீட்தான், குவார்டெட் ஒத்திகை அது போக மிஞ்சும் நேரத்தில். இப்போது முதல் ஆல்பத்துக்குக் காசு சேர்த்துவிட்டோம். ஹைடனின் ஓபஸ் 76 என்ற குவார்டெட் தொகுப்பில் இரண்டாவது, டி மைனர். அப்புறம் டெபுஸ்ஸியின் ஜி மைனர் குவார்டெட். ரெண்டும் சேர்ந்தால் சுமார் 45 நிமிடம் வரும். ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்டெட்டையும் சேர்த்தே தீரணும் என்று செல்லோக்காரன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

குழப்பம் இதுதான். கால்ஷீட்டுக்குப் போகிற மாதிரி நல்ல ஸ்டூடியோ பிடித்து, ஆளுக்கொரு மைக், ஹெட்போன், அதில் வேகம் பிசகாமலிருக்க டிக்-டிக் என்று ஒலிக்கும் கிளிக் போட்டு வாசித்தால் வெட்டி ஒட்டச் சுலபம், கூடத்தின் எதிரொலியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் முதல் வயலின். எனக்கோ எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் மாதிரி ஒரு தேவாலயத்தில் நாலு பேரும் முகம் பார்த்து உட்கார்ந்து வாசிக்க ஆசை. ஆனால் வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலை, பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷன். கையில் இருக்கும் பணம் ஏதாவது ஒன்றுக்குத்தான் வரும். எதில் போடுவது?

பழைய_ஃபேடர்:

நீ சொல்வதுதான் சரிம்மா. முதல் வயலின் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கிளிக் எதற்கு வந்தது? சினிமாவில் தாளம் ஒரு நாள், தந்தி வாத்தியம் ஒரு நாள், பாடகர் இன்னொரு நாள் என்று பிரித்துப் பிரித்து எடுக்கிறோம். எல்லாம் கடைசியில் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காரணும். நீங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசிக்கப் போகிறீர்கள். அப்புறம் யாரோடு ஒத்துப்போவதற்குக் கிளிக்? டெபுஸ்ஸியில் முதல் பகுதியிலேயே வேகம் அசைந்துகொண்டே இருக்கும். அதைக் கட்டிப்போட்டால், செல்லோ ஒரு வரியை முடித்து மூச்சு விடுவதற்காக மற்ற மூவரும் காத்திருக்கிற அந்த அரைக் கணம் போய்விடும்.

ஆளுக்கொரு மைக்கும் வேண்டாம். கிட்டத்தில் வைத்தால் வில் உரசுவதும் விரல் தட்டுவதும்தான் முன்னால் வந்து நிற்கும். நாலு வாத்தியமும் காற்றில் கலக்கச் சில அடி தூரம் தேவை. முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக் ஒரு ஜோடி, நடுவில் 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். ஓஆர்டிஎஃப் என்பார்கள், பிரெஞ்சு வானொலிக்காரர்கள் செய்த ஏற்பாடு. எட்டு ஒன்பது அடி உயரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்திக் கேளுங்கள். ஒரு அடி நகர்ந்தால் வயோலா காணாமல் போகும், அடுத்த அடியில் திரும்பி வரும். முதல் நாளில் பாதி இதற்கே போனாலும் போகட்டும். வேண்டுமானால் உனக்கும் செல்லோவுக்கும் துணை மைக் வைக்கலாம், கடைசியில் அதன் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தொடாமல் இருந்தால் சந்தோஷம்.

கர்க் 1821-ல் திறந்த கட்டடம். வட்டக் கூடம், மேலே குவிமாடம். குவிமாடம் சத்தத்தை வாங்கிக் கீழே ஒரே இடத்தில் குவிக்கும், அதனால் நட்டநடுவில் உட்காராதீர்கள். அனுமதி கேட்கும் முன் ஒரு நடை போய்க் கை தட்டிப் பாருங்கள். சத்தம் பெரிய பிரச்சினைதான். எழும்பூரில் தெற்கே போகும் வண்டிகள் நிறைய ராத்திரியில்தான் கிளம்பும், விடியுமுன் காக்கா ஆரம்பித்துவிடும். நடுவில் கிடைப்பது மூன்று நான்கு மணி நேரம். அது தோதுப்படவில்லை என்றால் ஊருக்கு வெளியே ஏதாவது கல்லூரிச் சிற்றாலயம் தேடுங்கள். கட்டடத்தின் பெயர் உறையில் அழகாக இருக்கும், காதுக்கு அது தெரியாது.

பெர்லின்_செல்லோ:

ஃபேடர் அண்ணா இடத்தைச் சொல்லிவிட்டார், நான் ஆளைச் சொல்கிறேன். மிச்சப் பணத்தை ஸ்கோர், அதாவது நாலு பேருக்கும் சேர்த்து எழுதிய இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். இங்கே ஜெர்மனியில் டோன்மைஸ்டர் என்பார்கள், டெட்மோல்டில் 1949-லேயே இதற்கென்று படிப்பு தொடங்கிவிட்டது. அவர் பக்கத்து அறையில் ஸ்கோரை விரித்து வைத்து, பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பாருக்கு (தாளக் கட்டத்துக்கு) மேலும் டேக் எண், அதன் பக்கத்தில் ஒரு டிக் அல்லது கேள்விக்குறி. "87-ல் ரெண்டாவது வயலின் சுருதி இறங்கிடுச்சு, 80-லிருந்து எடுங்க" என்று ஸ்பீக்கரில் குரல் வரும். அப்படி ஒருவர் இல்லாமல், டேக் முடிந்ததும் நாலு பேரும் ஓடிப்போய்க் கேட்டுவிட்டுச் சண்டை போட்டால் அந்த நாள் அவ்வளவுதான்.

டெபுஸ்ஸி ரெண்டாம் பகுதி உனக்குத் தெரிந்ததுதானே தங்கச்சி. வயோலா வில்லில் அந்தச் சின்ன வரியைச் சுற்றிச் சுற்றி வாசிக்கும், மற்றவர்கள் பிட்ஸிகாட்டோ, அதாவது விரலால் சுண்டுவார்கள். ஒட்டுப்போட அது லேசான இடம் மாதிரித் தோன்றும், தந்தியைச் சுண்டுவதற்குச் சற்று முன்னால் வெட்டினால் போதும் என்று. ஆனால் முந்தைய பிட்ஸிகாட்டோ கூடத்தில் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். ஒட்டிய இடத்தில் அது பட்டென்று அறுந்தால் யார் காதும் பிடித்துவிடும். அதனால் திருத்த வேண்டிய இடத்துக்கு ஏழெட்டு பார் முன்னாலிருந்தே தொடங்குங்கள், அதைத் தாண்டியும் வாசித்துக்கொண்டே போங்கள். இதெல்லாம் பிறகு. முதலில் ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தாமல் முழுசாக ரெண்டு மூணு தடவை எடுங்கள், ஒட்டுக்கு ஆதாரம் அதுதான். ஒரு அமர்வுக்கு 20 நிமிட இசைக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

கிளம்பும் முன் யாரும் அசையாமல் இருந்து, வெற்றுக் கூடத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பகுதிகளுக்கு நடுவே அதைத்தான் வைக்கணும்.

உறைக்குறிப்பு:

ஷோஸ்டகோவிச் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! ஹைடனுக்கும் 1918-ல் இறந்த டெபுஸ்ஸிக்கும் யாரிடமும் கேட்க வேண்டாம். ஷோஸ்டகோவிச் இறந்தது 1975-ல். நம் சட்டப்படி இறந்த பின் 60 ஆண்டு, அதாவது 2035 முடியும் வரை பதிப்புரிமை உண்டு. ஐரோப்பாவில் 70 ஆண்டு. ஸ்ட்ரீமிங்கில் போட்டால் எல்லா நாட்டுக்கும் போகும், ஆக உரிமம் வாங்கியாகணும். எட்டாவது குவார்டெட்டை அவர் 1960-ல் மூன்றே நாளில் எழுதி முடித்தார், உரிமக் கடிதம் அந்த வேகத்தில் வராது. அதோடு ஐந்து பகுதியும் இடைவெளியில்லாமல் தொடரும். டிராக்காகப் பிரித்து ஏற்றும்போது நடுவில் சின்ன மௌனம் விழுந்தாலும் கெட்டது.

கேட்கிறவனாகச் சொன்னால், 45 நிமிடம் எனக்குத் தாராளம். செல்லோ தம்பிக்கு ரெண்டாவது ஆல்பம் இருக்கிறது.

வயோலா_மூலை:

எல்லாருக்கும் நன்றி. முதல் வயலினுக்கு இதை அப்படியே அனுப்பினேன். "அந்த ஃபேடர் யாரு, நம்பர் வாங்கு" என்று மட்டும் பதில் வந்தது. செல்லோ இன்னும் பேசவில்லை. ஒரு சந்தேகம்: ஃபேன், ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இந்த வேர்வையில் சுருதி நிற்குமா?

பழைய_ஃபேடர்:

நிற்காது. டேக்குக்கு டேக் ட்யூனரில் ‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸில் நிற்கிறதா என்று பார்த்துச் சேருங்கள், உங்களுக்குள் மட்டும் சேர்ந்துகொண்டால் போதாது. நாலு பேரும் சேர்ந்தே இறங்கியிருந்தால் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு மணிக்கு எடுத்ததையும் நாலு மணிக்கு எடுத்ததையும் ஒட்டும்போதுதான் பல்லிளிக்கும். நடுநடுவே ஏ.சி. போட்டு அணைக்கிற வேலையும் வேண்டாம், மரமும் தந்தியும் ஒரு நிலைக்கு வராது. ஒரு மணி நேரம் முன்னாலேயே பெட்டியைத் திறந்து வைத்துவிடுங்கள். புதுத் தந்தி மாட்டுவதானால் ஒரு வாரம் முன்னாலேயே மாட்டணும்.

நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் ஜனவரிக்குத் தள்ளுங்கள், பாதி வேர்வை குறையும்.