கவுன்சிலர் மேலே போனால் வார்டுக்கு லாபமா, நஷ்டமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் மூவர் பேசிக்கொள்கிறார்கள்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அரசியல்வாதி ஜான் ஸ்டீன்ஹெய்சனின் கட்சி எனக்குப் பிடிக்குமா என்பது வேறு பேச்சு. அவர் ஏறி வந்த படிகளைப் பாருங்கள். 1999-இல் டர்பன் நகர்மன்றக் கவுன்சிலர், 2009-இல் மாகாண சட்டமன்றம், 2011-இல் நாடாளுமன்றம், 2024 ஜூலையில் விவசாய அமைச்சர். சாக்கடை, தெருவிளக்கு, வரி பாக்கி என்று பத்து வருஷம் பார்த்தவர்தான் கேப் டவுன் நாடாளுமன்றத்தில் உட்கார வேண்டும். நம் பகுதியில் நன்றாக வேலை செய்யும் கவுன்சிலர்களையும் இப்படி மேலே அனுப்ப வேண்டும்.

டோங்காட் அக்கா:
அனுப்பிவிட்டு நாங்கள் என்ன செய்வது, தம்பி? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்க எல்லார் போனிலும் கவுன்சிலர் நம்பர் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு நான் கூப்பிட்டாலும் எடுப்பார். எம்.பி. யார் என்று கேட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? 400 எம்.பி.க்களும் தொகுதியில் நின்று வந்தவர்கள் இல்லை, நாம் கட்சிக்கு ஓட்டுப் போட, அந்தக் கட்சி தயாரித்த பட்டியலிலிருந்து வந்தவர்கள். வார்டு கவுன்சிலர் ஒருவரைத்தான் நாம் பேர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்.

சாட்ஸ்வர்த் தம்பி:
அக்கா, எம்.பி.க்குக் கட்சி ஒதுக்கும் தொகுதி அலுவலகம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கலாம். அதைவிட முக்கியம் பணம். நகராட்சிகளுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு வருஷமும் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டத்தில் முடிவு செய்வது நாடாளுமன்றம். உடைந்த குழாய்க்கு எதிரே நின்றவர் ஒருவர் அந்த விவாதத்தில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்காதா?

மெரிபேங்க் மாமா:
இருக்கும், அவரைப் பேச விட்டால். அவர் பேர் பட்டியலில் மூன்றாவதா, முப்பதாவதா என்று முடிவு செய்வது கட்சி. அடுத்த தேர்தலிலும் பேர் வேண்டும் என்றால் அவர் யார் முகத்தைப் பார்ப்பார்? நான் 1984-ஐ நினைக்கிறேன். அன்றைய நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்து, வாருங்கள், நாடாளுமன்றத்திலேயே இடம் தருகிறோம் என்றது. ஓட்டுப் போடாதீர்கள் என்று நாங்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினோம். பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேர்தான் போட்டார்கள். அப்படியும் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்று நான் பார்ப்பதில்லை. யார் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் பார்ப்பேன்.

சாட்ஸ்வர்த் தம்பி:
மாமா, 1984-ஐயும் இன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இன்று எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது. கட்சி வேண்டாம் என்றால் 2024-இலிருந்து சுயேச்சையாகவே நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சட்டமன்றத்துக்கு நிற்கலாம்.

மெரிபேங்க் மாமா:
நின்றார்கள். ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. ஒரு வார்டில் உழைத்த பேர் மாகாணம் முழுக்கப் போய்ச் சேருமா? அங்கே ஓட்டு வாங்குவது கட்சிச் சின்னம்.

சாட்ஸ்வர்த் தம்பி:
சரி, பட்டியல் முறையில் குறை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நல்ல ஆளை வார்டிலேயே கட்டிப் போடுவதா? அவருக்கும் மேலே போக ஆசை இருக்காதா?

டோங்காட் அக்கா:
ஆசைப்படட்டும், தப்பில்லை. ஆனால் எம்.பி. ஆனவர் கவுன்சிலராகத் தொடர முடியாது, அது சட்டம். வார்டு காலியானால் 90 நாளுக்குள் இடைத்தேர்தல். அந்த 90 நாளில் மறுபடி குழாய் உடைந்தால் ராத்திரி பத்து மணிக்கு நான் யாரைக் கூப்பிடுவது? அதைச் சொல்லுங்கள் தம்பி.