புதுப்பிப்பு: ரௌட்டரின் மூலநிரல் கிடைத்தது (ஜிபிஎல்)

ஜிபிஎல் என்பது, மென்பொருளை விநியோகிப்பவர் அதன் மூலநிரலையும் தரவேண்டும் என்னும் உரிமம். அந்த உரிமத்தில் வரும் லினக்ஸும் பிஸிபாக்ஸும் (சிறு கட்டளைக் கருவிகளின் தொகுப்பு) ஓடும் ரௌட்டருக்கு மூலநிரல் கேட்டால் நிறுவனம் பதிலே தருவதில்லை என்று இங்கே எழுதியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: வாடிக்கையாளர் சேவையை விட்டுவிட்டு நேரே சட்டப் பிரிவுக்கு எழுதுவது. ஜிபிஎல் 2ஆம் பதிப்பின் 3ஆம் பிரிவைச் சுட்டி, ஃபர்ம்வேரின் (ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு எண்ணைக் கொடுத்து, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த 'மூலநிரல் தருவோம், 3 ஆண்டுகள் செல்லும்' என்ற வாக்குறுதியையும் படமெடுத்து இணைத்தேன். "சிப் செய்தவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். பைனரியை (தொகுத்து முடித்த நிரலை) விநியோகிப்பவருக்கே கடமை, சிப் யாருடையதாக இருந்தால் என்ன? அப்படியே பதில் போட்டேன். அப்புறம்தான் மூலநிரலைப் பதிவிறக்கும் சுட்டி வந்தது.

எதிர்பாராதது: கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மூலநிரல் இருந்தது, ஆனால் அதைத் தொகுக்கும் அமைப்புகள் அடங்கிய .கான்ஃபிக் (.config) கோப்பும் பில்ட் ஸ்கிரிப்டுகளும் இல்லை. தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் ஸ்கிரிப்டுகளும் முழு மூலநிரலில் சேர்ந்தவை என்று அதே 3ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரியை மேற்கோள் காட்டியதும் மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டார்கள். இப்போது கெர்னல் சுத்தமாகத் தொகுகிறது.

வைஃபை டிரைவர் மட்டும் இன்னும் மூலநிரல் இல்லாமல், .கோ (.ko, கெர்னலில் ஏற்றும் தொகுதி) பைனரியாகவே இருக்கிறது. அதற்கும் எழுதியிருக்கிறேன்.