இறக்கையை மூடும் முன் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட வேண்டுமா?

கப்பலூர் ஷெட்: சிட்கோ ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் கட்டுகிறேன். இடது இறக்கையில் கீழ்த்தகடு மட்டும் பாக்கி. அதை ரிவெட் அடித்துவிட்டால் உள்ளே கை போகாது. டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தரப்பில் யாராவது பார்க்கும்வரை நிறுத்தவா, முடித்துவிடவா?

தெப்பக்குளம் மெக்கானிக்கல்: முடித்துவிடுங்கள். அமோல் யாதவ் மும்பையில் மொட்டை மாடியில் கட்டிய விமானத்தை 2016ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். பறக்க அனுமதி வந்தது 2019ல். முழு விமானத்துக்கே அந்தக் காத்திருப்பு என்றால், பாதி இறக்கையைப் பார்க்க யார் கிளம்பி வருவார்கள்? படம் எடுத்து வையுங்கள், போதும்.

அவனியாபுரம் ஏர்ஃப்ரேம்: தம்பி, மூடாதீர்கள். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன். ரிவெட்டை அடித்தபின் உள்பக்கத் தலை, ரிவெட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முக்கிய உத்தரமான ஸ்பாருக்குப் பின்னால் ஒன்று சாய்ந்து அடிபட்டிருந்தால், சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத்தான் பிடிக்க முடியும். படத்தில் தெரியாது. போல்ட்டுக்கும் இதே கதைதான். விமானத்துக்கான ஏஎன்3 அளவு போல்ட்டில் சாதாரண நட்டு என்றால் முறுக்கு விசை 20 முதல் 25 இன்ச்-பவுண்ட். முறுக்கியதும் பெயின்ட் கோடு போடுங்கள். நட்டு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் எல்ஏஏ என்ற இலகுரக விமானச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

தெப்பக்குளம் மெக்கானிக்கல்: கையெழுத்து இருந்தால் பத்திரம் என்று நம்புவதுதான் ஆபத்து அண்ணே. 1997ல் பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியா கடலில் விழுந்து இறந்தாரே, அந்த லாங்-ஈஸீ ரகச் சிறு விமானமும் வீட்டில் கட்டியதுதான், சான்றிதழ் வாங்கியதுதான். வரைபடத்தில் கால்களுக்கு நடுவே இருந்த எரிபொருள் வால்வை, கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார். சான்றிதழ் தந்தவர்கள் தடுத்தார்களா?

அவனியாபுரம் ஏர்ஃப்ரேம்: இல்லை. நான் சொல்வதும் அதைத்தான். அமெரிக்காவில் அரசு ஆய்வு பெரும்பாலும் கடைசியில்தான் நடக்கும். பாதிக்கு மேல் சொந்தமாகக் கட்டினார்களா, பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வால்வு அங்கே ஏன் என்று கேட்க, கட்டும்போதே பக்கத்தில் ஒரு அனுபவசாலி வேண்டும். அங்கே சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் இஏஏ சங்கம் டெக்னிக்கல் கவுன்சிலர்களை வைத்திருப்பது அதற்குத்தான். சம்பளம் கிடையாது, தடுக்கும் அதிகாரமும் கிடையாது. இறக்கை மூடும் முன் ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

கப்பலூர் ஷெட்: ஒரு அதிகாரி சரி என்றதை அடுத்தவர் வந்து பிரிக்கச் சொன்னால்?

தெப்பக்குளம் மெக்கானிக்கல்: அதனால்தான் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கேள்வியை எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் தேதியோடு வாங்குங்கள். அதிகாரிக்காக வேலையை நிறுத்தக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. ஏர்ஃப்ரேம் அண்ணன் பார்ப்பதானால் பார்க்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அவனியாபுரம் ஏர்ஃப்ரேம்: வருகிறேன். ஆனால் நான் பார்ப்பது டிஜிசிஏ பார்ப்பதற்கு ஈடாகாது. கடிதம் இன்றே போகட்டும். பதில் வரும்வரை வலது இறக்கை இருக்கிறது, வால் இருக்கிறது, வேலைக்கா பஞ்சம்? அப்புறம், வருகிறவர் ஏதாவது குறை சொன்னால் மல்லுக்கு நிற்காதீர்கள். எந்த விதியின்படி என்று மரியாதையாகக் கேளுங்கள். விதி தெரிந்தால் சரிசெய்வதும் சுலபம், பதில் சொல்வதும் சுலபம்.

கப்பலூர் ஷெட்: சரி அண்ணே. கடிதம் போட்டுவிடுகிறேன். கீழ்த்தகட்டை ரிவெட் அடிக்காமல் கிளீக்கோவில் (கழற்றக்கூடிய தற்காலிகப் பிடிப்பான்) பிடித்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்கலாம்.