ஈர்ப்பு நிலை ஆற்றல்: எதிர்க்குறி எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கேள்வி:
ஈர்ப்பு மாறிலியையும் இரு நிறைகளையும் பெருக்கி வருவதை ‘க’ என்றும், மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை ‘ர’ என்றும் கொண்டால், ஈர்ப்பு விசையின் அளவு க/ர² ஆகும். பொருள் முடிவிலியிலிருந்து உள்நோக்கி வரும்போது விசையும் நகர்வும் ஒரே திசையில் இருப்பதால் கோசைன் 0° = 1 என்று எழுதி, க/ர² என்பதை முடிவிலியிலிருந்து ர வரை தொகையிட்டேன். விசை செய்த வேலை −க/ர என வந்தது. அதன் எதிர்மதிப்பான நிலை ஆற்றலோ +க/ர ஆகிவிட்டது. சரியான விடை −க/ர என்பது தெரியும்; பிழை எந்த வரியில் உள்ளது?

மறுமொழி 1:
விசையின் திசையிலேயே நகர்வும் இருக்கையில் வேலை நேர்மதிப்பாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு −க/ர வந்த இடத்திலேயே ஐயம் எழுந்திருக்க வேண்டும். உள்நோக்கிய நகர்வு என்பதைக் கோசைனில் ஒருமுறை கணக்கில் எடுத்தீர்கள். பெரிய தொலைவிலிருந்து சிறிய தொலைவுக்குச் செல்லும் தொகையீட்டு எல்லைகள் அதையே மறுபடியும் கணக்கில் சேர்த்துவிட்டன. வெளிநோக்கிய திசையை நேர்த்திசையாகக் கொண்டு விசையை −க/ர² என்று எழுதிவிட்டு, நகர்வின் குறியை எல்லைகளிடமே விட்டுவிடுங்கள். வேலை +க/ர என்றும், நிலை ஆற்றல் −க/ர என்றும் வரும். நானும் இதே இடத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தவன்தான்.

மறுமொழி 2:
தொகையிடல் இல்லாமலும் இதை வருவிக்கலாம். பாதையைச் சிறு துண்டுகளாக்கி, ர₁, ர₂ என்ற அடுத்தடுத்த தொலைவுகளுக்கு இடையே விசையைக் க/(ர₁ × ர₂) என்று கொள்ளுங்கள். இது இரு முனைகளிலும் உள்ள விசைகளுக்கு நடுப்பட்ட மதிப்பே. அதைத் துண்டின் நீளத்தால் பெருக்கினால் க(1/ர₁ − 1/ர₂) கிடைக்கும். எல்லாத் துண்டுகளையும் கூட்டும்போது இடையிலுள்ள உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, முதலும் கடைசியும் மட்டுமே எஞ்சும்.

கேட்டவர்:
குறி சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் பள்ளியில் படித்த ‘நிறை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம்’ நேர்மதிப்பாக இருக்கிறதே?

மறுமொழி 1:
அது தரையைச் சுழியாகக் கொண்ட வேறுபாடு. −க/ர என்பதில் உயரத்திற்கான மதிப்பிலிருந்து தரைக்கான மதிப்பைக் கழித்தால், பள்ளிச் சூத்திரத்தை ‘புவி ஆரம் ÷ (புவி ஆரம் + உயரம்)’ என்ற பின்னத்தால் பெருக்கியது வரும். ஆரம் 6371 கி.மீ. என்பதால், மாடி உயரத்தில் அப்பின்னம் 1 என்றே கொள்ளத்தக்கது. 400 கி.மீ. உயரத்தில் அது 0.94, உயரம் புவியின் ஆரத்திற்குச் சமமானால் சரிபாதியாகிவிடும்.