பழைய மாட்டுக்கொட்டகையைத் தச்சுப் பட்டறையாக்க எங்கே ஆரம்பிக்கலாம்?

கேள்வி: 20க்கு 12 அடி. நாட்டு ஓடு, சுண்ணாம்புக் காரைச் சுவர், மண் தரை. மாசாமாசம் கொஞ்சமாத்தான் செலவு பண்ண முடியும். முதல்ல தரை போட்டுடலாமா?

பதில்: கூரைதான் முதல்ல. ஓடுகளைப் பிரிச்சு, அதைத் தாங்குற ஒவ்வொரு ரீப்பரையும் (மரச் சட்டம்) ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. முனை சுலபமா இறங்கினா மாத்தியே ஆகணும்.

பதில்: தரைக்கு அவசரமே வேண்டாம். கோமியம் ஊறின மண்ணுல உப்பு நிக்கும். மேலேயே கான்கிரீட் போட்டா வெள்ளை பூத்து உதிரும். முக்கால் அடி வெட்டி வெளியே தள்ளுங்க. கரையானுக்கு இமிடாகுளோபிரிட் 30.5%, லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் (பக்கத்துல கிணறு இருந்தா மருந்தே வேண்டாம்). அப்புறம் 4 அங்குலம் ஜல்லி, மேல மணல். மணல் இல்லன்னா, ஈரம் ஏறாம இருக்க அதுக்கு மேல விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட் கிழியும். 250 மைக்ரான் ஷீட்டை ஜாயின்ட்ல ஒரு அடி ஏத்தி விரிச்சு, 4 அங்குலம் கான்கிரீட். ஏழு நாள் தண்ணி நிக்கணும்.

கேள்வி கேட்டவர்: சுவருக்கு சிமெண்ட் பூசலாம்ல?

பதில்: கூடாதுங்க. ஈரம் வெளியேற வழியில்லாம பூச்சு பாளம் பாளமா விழும். சுண்ணாம்பே பூசுங்க. மெஷின் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எர்த், 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்ட்டை நிறுத்துற சுவிட்ச்). வயர் போற குழாயைப் பூச்சுக்கு முன்னாடியே பதிச்சுடுங்க.