ஜெர்மனியில் முதல் வருஷம்: சபையைத் தேடுகிற தம்பி தங்கைகளுக்கு

லைப்ஸிக் நகரத்துக்கு நான் வந்து ஏழு வருஷம் ஆகிறது. திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். புதிதாக வருகிறவர்கள் வீடு, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆறு மாதம் கழித்து, "அக்கா, ஜெபிக்கவே வரமாட்டேங்குது" என்று சொல்பவர்கள் நிறைய. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படிவம். முகவரியைப் பதிவு செய்யப் போகும்போது மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ 'எவாங்கேலிஷ்' (புராட்டஸ்டன்ட்) என்றோ எழுதினால் திருச்சபை வரி பிடிப்பார்கள். சம்பளத்தில் 9% போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. நீங்கள் கட்டும் வருமான வரியில்தான் 9%. பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8%. மாதம் 500 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்கு லைப்ஸிக்கில் 45 யூரோ வரும். ஊரில் கட்டிய சபைச் சந்தா மாதிரிதான், இங்கே அரசாங்கம் வசூலித்துக் கொடுக்கிறது. பிறகு விலக நினைத்தால் அரசு அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கப் பிள்ளைகள் இதில் கவனமாக இருங்கள்: அப்படி விலகியவர்கள் நற்கருணை பெறக்கூடாது என்பது இங்குள்ள ஆயர்களின் முடிவு.

கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னதைக் கேட்டு நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. குழந்தையாக ஞானஸ்நானம், பதினாறு வயதில் திடப்படுத்தல், எதிலுமே என்னிடம் யாரும் கேட்டதில்லை. முதல்முறையாக ஒருவர் கேட்டபோது பதில் சொல்லாமல் வந்துவிட்டேனே என்றிருந்தது.

அந்த வருஷம் முழுக்க ஊர் ஆராதனையை யூடியூபில் பார்த்தேன். அங்கே காலை எட்டரை மணி ஆராதனை என்றால் குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை நாலு மணி. அதனால் எழுந்த பிறகு பதிவைப் பார்ப்பேன், தோசை ஊற்றிக்கொண்டே. எங்கள் போதகர் ஐயரவாளின் பிரசங்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் திரையிலிருந்து காணிக்கைப் பை என்னிடம் வராது. நான் வராததை யாரும் கவனிக்க மாட்டார்கள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்போது, அந்தக் கவனிப்புதான் எனக்குத் தேவைப்பட்டது.

சரி, பக்கத்துத் தெருக் கோயிலுக்கே போவோம் என்று ஒரு ஞாயிறு பத்து மணிக்குப் போனேன். இருபது பேர் இருந்திருப்பார்கள், முக்கால்வாசி வயசானவர்கள். கிழக்கு ஜெர்மனியில் கிறிஸ்தவர்களே சிறுபான்மை. பாதி ஜெர்மன் புரியவில்லை. சுவரில் நம் ஊர்க் கோயிலைப் போலவே பாட்டு எண் பலகை தொங்கியது. ஆர்கன் தொடங்கியதும் எனக்குத் தொண்டை அடைத்தது. பாட்டி அடுப்படியில் பாடும் ஞானப்பாட்டின் ராகம் அது! பரமண்டல ஜெபம் சொல்லும்போது வெளியே மணி அடித்தார்கள். நான் தமிழிலேயே சொன்னேன். திருவிருந்துக்குப் பீடத்தைச் சுற்றி அரைவட்டமாக நின்றோம். பக்கத்தில் நின்ற பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு வருஷம் கழித்து, நானாகவே போய் அந்தச் சபையில் பெயரைப் பதிந்தேன்.

தமிழ் ஐக்கியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை கூடினாலும் போங்கள். ஈழத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு ஜெபித்த அந்த மாலைகள்தான் என்னைத் தூக்கி நிறுத்தின. கத்தோலிக்கர்கள் ஆகஸ்டில் கேவலாருக்குப் போய்ப் பாருங்கள். மாதா திருத்தலத்தில் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கூடுவார்கள், இந்துக்களும் வருவார்கள். ஆனால் நோய் வந்த செவ்வாய்க்கிழமை சூப்போடு கதவைத் தட்டியது தெருச் சபைப் பாட்டிதான். ரெண்டு சபையும் வேண்டும்.

தனி ஜெபத்துக்கு எனக்கு உதவியது 'லோஸுங்கன்' என்ற சின்னப் புத்தகம். லைப்ஸிக் இருக்கும் இதே சாக்சனி மாநிலத்து ஹெர்ன்ஹூட் ஊர்ச் சபையார் 1731 முதல் வருஷா வருஷம் வெளியிடுவது. ஒவ்வொரு நாளுக்கும் பழைய ஏற்பாட்டு வசனம் ஒன்றைச் சீட்டுப்போட்டு எடுத்து, அதற்குப் பொருத்தமாகப் புதிய ஏற்பாட்டிலிருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து வளர்ந்த நமக்கு அதில் அந்நியம் ஒன்றும் இல்லை. காலையில் அதை வாசித்து, அதே வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் தேடிப் படிப்பேன். ஜெர்மனும் வளர்ந்தது, ஜெபமும் திரும்பி வந்தது.

அப்புறம், ஒரு சனிக்கிழமை ஹாலேக்குப் போய்வாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் படித்த ஊர். பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவர் தரங்கம்பாடி வந்தபோது அவருக்கும் தமிழ் தெரியாது.

லைப்ஸிக்கில் இருக்கிறவர்கள் திங்கள் மாலை ஐந்து மணிக்கு நிக்கோலாய் கோயிலில் நடக்கும் சமாதான ஜெபத்துக்கு வரலாம். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தனியாக வரக் கூச்சமாக இருந்தால் முந்தின நாள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், வாசலில் நிற்கிறேன்.